உள்ளுக்குள்ள ஆர் இருந்தவை?

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில், எப்சம் கிலீஸ் அவெனியூ மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஏ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுவிட்டது. பென்றோஸில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடி வார்க்கிற மெஷினில் இரவு வேலை செய்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகினபடியால் குரல் கொஞ்சம் உரத்துத்தான் வரும், முன்வரிசை ஐயாமார் பொறுத்துக்கொள்ள வேண்டும். செயலாளர் அண்ணை ரெலிபோன் எடுத்து, "உன்ர அனுபவம் ஏதாவது இருந்தாச் சொல்லு, இருபது நிமிசம்" என்றார். நான் சொல்லப்போவது கட்டுநாயக்காவைப் பற்றி. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. சொல்ல வைத்தது ஒரு பிள்ளை.

போன வருடம் சான்ட்ரிங்ஹாமில் ஒரு பிறந்தநாள் விழா. பெண்கள் எல்லாரும் வீட்டுக்குள்ளே, ஆம்பிளையள் நாங்கள் வழமைபோல கராஜுக்குள்ளே. (எங்கட அரசியல் முழுக்க கராஜுக்குள்ளதானே நடக்குது.) ஒருவர் தன் போனில் கட்டுநாயக்கா தாக்குதலின் பழைய படத்தை எடுத்து, அதை ரி.வி.யில் பெரிதாகப் போட்டார். எயார்பஸ் எரிந்து, முதுகு முறிந்து, வால் மட்டும் நிமிர்ந்து நிற்கிற அந்தப் படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கேக் துண்டோடு உள்ளே வந்த பத்து வயதுப் பிள்ளை ஒன்று படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "அங்கிள், உள்ளுக்குள்ள ஆர் இருந்தவை?"

"ஒருத்தரும் இல்லை அம்மா, வெறும் பிளேன்" என்றேன். பிள்ளை போய்விட்டது. எனக்குக் கேக் இறங்கவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அந்த எயார்போட்டுக்குள் என் சின்ன மாமா இருந்தார். நான் வெளியே ரோட்டில் இருந்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக. 2001ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி அதிகாலை மூன்றரை மணியளவில், விடுதலைப் புலிகளின் கரும்புலிகள் 14 பேர் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்துக்குள் புகுந்தார்கள். தளமும் பயணிகள் விமான நிலையமும் ஒரே ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருப்பவை. முதலில் படை விமானங்கள், பிறகு அந்தப் பக்கம் நின்ற பயணிகள் விமானங்கள். காலை எட்டரை மணிவரை சண்டை நடந்தது. விமானப்படையின் எட்டு விமானங்கள் முற்றாக அழிந்தன: கிபிர் இரண்டு, மிக்-27 ஒன்று, ஹெலிகொப்ரர் இரண்டு, சீனாவில் வாங்கிய பயிற்சி விமானங்கள் மூன்று. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் எயார்பஸ் மூன்று எரிந்தன. சேதப்பட்டவற்றையும் சேர்த்தால் 26. போன 14 பேரும் செத்தார்கள். படையினர் ஏழு பேர் செத்தார்கள். பயணிகளில் ஒருவர்கூடச் சாகவில்லை. இதை எங்கட ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள், உண்மையும் அதுதான்.

திகதியையும் கவனியுங்கள். 83 ஆடிக்கலவரத்தின் பதினெட்டாம் ஆண்டு நினைவு நாட்கள் அவை.

நாங்கள் ஏன் கைதட்டினோம் என்பதையும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பிள்ளைகள் எங்களை விசர் பிடித்த மனிதர் என்று நினைப்பார்கள். எங்கட ஊர் சண்டிலிப்பாய். 1995 யூலை 9ஆம் திகதி பக்கத்து நவாலியில் சென். பீற்றேர்ஸ் தேவாலயத்தில் சனம் தஞ்சம் புகுந்திருந்த நேரம் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அன்று பின்னேரம் எங்கட ஒழுங்கையால் சைக்கிளிலும் வண்டிலிலும் கொண்டுபோனதை நான் பார்த்தேன், அதற்கு மேல் விபரிக்க மாட்டேன். அன்று போட்டது புக்காரா. கிபிர் அடுத்த வருடம்தான் வந்தது. ஆனால் பிறகு எங்களுக்கு எல்லாப் பிளேனும் கிபிர்தான். சோறு தீத்தும்போது "கிபிர் வருது, கெதியா விழுங்கு" என்று சொன்ன தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அந்தக் கிபிர் நிலத்தில் வைத்தே எரிந்தது என்றால் சந்தோசம் வராதா? வந்தது.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. வளைகுடா நாடொன்றில் களஞ்சியத்தில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டின காசில் அரைவாசி அம்மாவின் தாலிக்கொடி. ஏ-9 பாதை பூட்டு. ஆமியிடம் கிளியரன்ஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மூன்று வாரம் இருந்தோம். வழியனுப்ப அம்மாவும் வந்தா, பதினாலு வயதான நான் அம்மாவுக்குக் காவல். உண்மையில் நான் கடல் பார்க்க வந்தேன்.

23ஆம் திகதி நள்ளிரவு வான் பிடித்தோம். சாரதி சிங்கள ஆள், ஐம்பது வயது இருக்கும், உடைஞ்ச தமிழ் கதைப்பார். வழியில் எத்தனை செக்பொயின்ற், எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, மாமாவின் சூட்கேஸைத் திறந்து பூட்டி. இரண்டு மணிபோல் மாமாவை இறக்கிவிட்டோம். அம்மா அழவில்லை. மாமாதான் அழுதார். "அக்கா, முதல் சம்பளத்தில கொடியை மீட்டுத் தருவன்" என்றார். தள்ளுவண்டிலோடு உள்ளே போனார், திரும்பிப் பார்த்தார், கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

விடிஞ்சாப் பிறகு போனால் செக்பொயின்றில் கேள்வி குறைவு என்று சாரதி சொன்னார். சீதுவைப் பக்கம் ரோட்டோரம் வானை நிறுத்திவிட்டுக் கண்ணயர்ந்தோம்.

முதல் வெடியில் நான் எழும்பினேன். இரண்டாவதில் வானின் கண்ணாடி அதிர்ந்தது. வானம் ஒரு பக்கம் சிவந்துபோயிருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வெடிச் சத்தத்தைப் பற்றி ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை, எது துவக்கு, எது ஆர்.பி.ஜி. என்று எனக்குத் தெரியும். எங்கே என்றும் விளங்கியது. அந்த நேரம் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோசம். "அம்மா, கிபிரெல்லாம் எரியுது போல!" என்று சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினா. பொத்தின கையை எடுக்காமலே கேட்டா: "தம்பி உள்ளுக்கையெல்லோ நிக்கிறான்?"

அந்தக் கையின் நடுக்கம் இப்பவும் என் வாயில் இருக்கிறது.

சாரதி திரும்பிப் பார்த்தார். "அக்கா, பேச வேணாம். பொட்டு எடுங்க" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தா. அந்த மனுசன் எங்களைப் பின் ஒழுங்கைகளால் கந்தானையில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறித்த ஒரு இடத்தில் சிங்களத்தில் ஏதோ சொன்னார், என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை, விட்டார்கள். அவருடைய மனைவி பிளேன்ரீ தந்தா. அவர்களுக்கும் ஒரு மகன் படையில், படம் சுவரில் தொங்கியது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தா. அந்த வீட்டு ரேடியோவுக்கு முன்னால் நாங்கள் ஐந்தாறு மணித்தியாலம் இருந்தோம், அவர்கள் தங்கட பிள்ளையை நினைத்து, நாங்கள் எங்கட ஆளை நினைத்து. வானுக்கு அவர் மேலதிகமாக ஒரு சதம் வாங்கவில்லை. நன்றி சொல்ல எனக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது.

மாமா அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. லொட்ஜுக்காரர் அறையை விடச் சொன்னார். அவரையும் குறை சொல்ல ஏலாது, வாசலில் ஒவ்வொரு இரவும் சோதனை.

இருபத்திமூன்று நாளுக்குப் பிறகு மாமா வந்தார். நடந்தது இதுதான். சத்தம் கேட்டதும் உள்ளே நின்ற சனம் கவுண்டர்களுக்குப் பின்னால் படுத்தது, பிறகு வாசலால் ஓடியது. வெள்ளைக்காரர், குழந்தைப் பிள்ளையோடு தாய்மார், வேலைக்குப் போகவந்த சிங்களப் பெண்கள், எல்லாரும் ஓடினார்கள். மாமாவும் ஓடினார். பாஸ்போட் கையில் இருந்தது, சூட்கேஸ் ஏற்கெனவே பெல்ற்றில் போய்விட்டது. ஒரு தென்னந்தோட்டத்துக்குள் விடியும்வரை படுத்திருந்திருக்கிறார்கள். விடிந்ததும் எல்லாரையும் வரிசையில் விட்டுப் பார்த்தார்கள். எல்லாரையும் விட்டார்கள், யாழ்ப்பாண விலாசக்காரரை மட்டும் விடவில்லை. கொண்டுபோன இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இருபத்திமூன்று நாளும் மாமாவிடம் கேட்டது ஒரே கேள்வியாம்: "வந்தவங்கள் உன்ர ஆக்கள்தானே?"

குற்றச்சாட்டு ஒன்றும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். வேலையில் சேரவேண்டிய திகதி போய்விட்டது. ஏஜென்சிக்காரன் கையை விரித்தான். தாலிக்கொடி மூழ்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்துச் சூட்கேஸ் வந்தது, அதுதான் அதிசயம். சாவி போட்டே திறக்கத் தேவையில்லை, உள்துணியெல்லாம் பிளேட்டால் கீறி விட்டிருந்தது. அம்மா இடிச்சுக் குடுத்த மிளகாய்த்தூள் பையில் ஊசி குத்திப் பார்த்த ஓட்டைகள். பனங்கட்டிக் குட்டானில் எறும்பு. அம்மம்மாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்அட்டையையும் பிரித்திருந்தார்கள். மாமா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தூள் நல்லாத்தான் இருக்கு அக்கா, வீணாக்காதை" என்று சொன்னார். அன்றைக்கு அந்தத் தூளில் மீன்குழம்பு வைத்தா அம்மா.

இந்தத் தாக்குதலால் என்ன நடந்தது என்று கேட்டால், படித்த ஆட்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சேதம் 35 கோடி அமெரிக்க டொலர் வரையில் என்றார்கள். லண்டன் காப்புறுதிக்காரர்கள் இலங்கைக்குப் போகிற விமானத்துக்கும் கப்பலுக்கும் போர் ஆபத்துக் கட்டணத்தை உயர்த்தினார்கள், உல்லாசப் பயணிகள் வரவு விழுந்தது, அந்த வருடம் நாட்டின் பொருளாதாரம் சுதந்திரத்துக்குப் பிறகு முதற்தடவையாகச் சுருங்கியது. டிசம்பரில் ஆட்சி மாறியது. 2002 பெப்ரவரி 22இல் யுத்தநிறுத்தம் கையெழுத்தானது, ஏப்ரலில் ஏ-9 திறந்தது. "அந்த அடி இல்லாட்டிப் பேச்சுவார்த்தையே இல்லை" என்று கராஜில் ஒரு அண்ணை சொன்னார். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஏ-9 திறந்த அந்தப் பஸ்ஸில்தான் நானும் பிறகு போய்வந்தேன்.

ஆனால் அந்தக் கணக்கில் மாமாவின் இருபத்திமூன்று நாளை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதைத்தான் நான் கேட்கிறேன். விமான நிலையம் என்றால் எங்கட ஆட்கள் எப்போதும் அதற்குள் நிற்கிறார்கள். ஏனென்றால் ஓடுகிற சனம் நாங்கள்தான். 1984 ஓகஸ்ற் 2ஆம் திகதி சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்தில் ஏறவேண்டிய பெட்டி மண்டபத்திலேயே வெடித்து முப்பது பேர் அளவில் செத்தார்கள். அங்கே இலங்கைக்குப் போக நின்றவர்களும் செத்தார்கள். வைத்தது எங்கட இயக்கங்களில் ஒன்றுதான். 1986 மே 3இல் கட்டுநாயக்காவிலேயே எயார்லங்கா றைஸ்ரார் வெடித்து 21 பேர். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் மன்னார்க் கடலில் விழுந்தது, 55 பேர். அந்தப் பயணிகளில் பெரும்பாலும் ஆர்? எங்கட ரீச்சர்மார், எங்கட அப்பாமார். அதைச் சுட்டு வீழ்த்தியது ஆர் என்று கராஜில் ஒருவரும் படம் போட்டுக் காட்டுவதில்லை.

2007 மார்ச் 26இல் புலிகளின் சின்ன விமானங்கள் அதே கட்டுநாயக்காத் தளத்துக்கு மேல் குண்டு போட்டன. அப்போது நான் இருபது வயதுப் பெடியன், கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில். மே மாதத்திலிருந்து எயார்போட்டையே இரவில் பூட்டி வைத்தார்கள். பூட்டினது எயார்போட்டோடு நிற்கவில்லை. யூன் 7ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை, அரை மணித்தியாலம் குடுத்து, பஸ்ஸில் ஏற்றினார்கள். நாங்கள் 2001இல் தங்கினது போன்ற அறைகள் அவை. வெளிநாட்டுக்குப் போக நின்றவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், அலுவலாக வந்த கிழடுகள். மறுநாள் உயர்நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார், ஒரு பகுதியினரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் அன்று தப்பினேன், வீடொன்றில் பதிவோடு இருந்தபடியால். எதிர் ஒழுங்கை லொட்ஜ் வாசலில் ஒரு ஆச்சியின் ஒற்றைச் செருப்பு பின்னேரம்வரை கிடந்தது.

இனி இங்கே. 2021 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூ லின் சுப்பர்மார்க்கெற்றில் ஒருவன் கத்தியால் குத்தினான். ஒக்லண்ட் முழுக்க ஊரடங்கு, எங்கட தொழிற்சாலை மட்டும் சாப்பாட்டுப் பொதி சம்பந்தமானது என்று திறந்திருந்தது. பின்தொடர்ந்து வந்த பொலிஸ் அவனைச் சுட்டது. அவன் இலங்கையன், தமிழ் பேசுகிற ஊர், இந்த நாட்டில் அகதி அந்தஸ்துக் கேட்டு எடுத்தவன். அந்த மாதமே பாராளுமன்றம் சட்டத்தை மாற்றி, தாக்குதலுக்குத் திட்டமிடுவதையே குற்றமாக்கியது. அடுத்த இரவு வேலையில் ஒருவர், கெட்ட மனுசன் இல்லை, கேட்டார்: "உங்கட ஆளோ?"

"இல்லை" என்று சொன்னேன். என்ன கெதியாகச் சொன்னேன் தெரியுமா! மெஷினில் மூடி ஒன்று விழுமுன் சொல்லிவிட்டேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். மாமாவிடம் கேட்ட அதே கேள்வி. ஆனால் இங்கே விடியப்புறம் ஒருவரும் கதவைத் தட்டவில்லை, அதையும் சொல்லவேண்டும். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மட்டும் இரண்டு கிழமை காலியாக வந்தது. ஊரடங்கு இடைவெளி என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்கும்.

மாமா இப்போது ஊரில் வெங்காயம் செய்கிறார். 2009இல் நான் வெளிக்கிட்டபோது எயார்போட்டுக்கு வரவில்லை. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது; இடையில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரிலிருந்து சென்னை விமானம் திரும்ப வருகிறது. மாமாவின் தோட்டத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும். "சத்தம் கேட்டா இப்பவும் மேல பாக்கிறதில்லை, கீழ பாக்கிறன், எங்க படுக்கலாம் எண்டு" என்று சிரித்துக்கொண்டு சொல்வார்.

அந்தக் கராஜ் பிள்ளையை நான் பிறகு தேடிப் போனேன். தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டு, பிள்ளையிடம் சொன்னேன்: "அங்கிள் அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன். உள்ளுக்குள்ள என்ர மாமா இருந்தவர்." "செத்துட்டாரா?" என்று கேட்டது. "இல்லை." "அப்ப ஏன் அங்கிள் அழுறீங்க?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. நாடியைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற டிசம்பரில் மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சென்னையால் பலாலிக்குப் போக எண்ணியிருக்கிறேன். மகள் மாமாவை நேரில் கண்டதில்லை. போன ஞாயிறு மாமாவுக்கு எடுத்து, "நீங்கள் எயார்போட்டுக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று கேட்டேன். கனநேரம் பேச்சில்லை, லைன் அறுந்துபோச்சு என்று நினைத்தேன். பிறகு சொன்னார்:

"வாறன் தம்பி. ஆனா வாசலுக்கு வெளியால நிப்பன். பிள்ளையை நீ கூட்டிக்கொண்டு வெளியில வா."